ஓர் எழுத்து ஏறினால் உந்துதல் இரு மடங்கு

மாதிரி ராக்கெட் விடுபவர்கள் கூடும் திடலில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு அடுத்து அதிகம் பேசப்படுவது மோட்டார்தான். புதிதாக ஒன்று கடைக்கு வந்துவிட்டால் போதும். யார் விட்டார்கள், எவ்வளவு உயரம் போனது, புகை என்ன நிறம், வான்குடை நேரத்துக்குத் திறந்ததா என்று விசாரணை தொடங்கிவிடும். புதுக் கைத்தொலைபேசி வந்தால் நம் அலுவலகங்களில் நடக்கும் பேச்சுக்கு இது சற்றும் குறைந்ததல்ல.

வேலை காரணமாக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் எனக்கு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இப்படியொரு திடலில் கழிகிறது. ‘நடுத்தர விசை’ எனப்படும் இ, எஃப், ஜி வகை மோட்டார்கள் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் பல ரகங்களாகப் பெருகியிருக்கின்றன. அவற்றைப் பற்றி ஆர்வலர்களிடம் கேட்டதையும் நானே பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன்.

எழுத்துகளின் கணக்கு

மோட்டார் என்றதும் மின்விசிறிக்குள் சுழல்வதை நினைக்க வேண்டாம். இது தடித்த காகிதக் குழாயிலோ பிளாஸ்டிக் உறையிலோ அடைக்கப்பட்ட திட எரிபொருள். பற்றவைத்தால் சில விநாடிகளில் எரிந்து முடியும். ராக்கெட் பெற்ற வேகத்திலேயே தொடர்ந்து மேலேறும்போது, உள்ளே தாமத மருந்து மெதுவாக எரிந்துகொண்டிருக்கும். அதுவும் தீர்ந்ததும் சிறு வெடிப்பு ஒன்று முன்பக்கமாகத் தள்ளி, வான்குடையை வெளியேற்றும்.

ஏ வகையின் மொத்த உந்துதல் அதிகபட்சம் 2.5 நியூட்டன் விநாடி. பி என்றால் 5, சி 10, டி 20. இப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பாகி இ 40, எஃப் 80, ஜி 160 என்று ஏறுகிறது. உறையில் ‘எஃப்15-4’ என்று அச்சிட்டிருந்தால் அது எஃப் வகை, சராசரி விசை 15 நியூட்டன், எரிந்து முடிந்து 4 விநாடியில் வான்குடை வெளியேறும் என்று பொருள்.

அமெரிக்க விதிகளின்படி மொத்த எடை 1,500 கிராமுக்கும் எரிபொருள் 125 கிராமுக்கும் மேற்படாத ராக்கெட்டை விட விமானப் போக்குவரத்து அமைப்பின் முன் அனுமதி தேவையில்லை. எச் வகையிலிருந்து சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். பொம்மை என்று சொல்லவும் முடியாது, பெரிய ராக்கெட் என்று சொல்லவும் முடியாது என்ற இடத்தில் இருப்பவை நடுத்தர விசை மோட்டார்கள்.

காலணிக் கடையில் பிறந்த யோசனை

இந்தப் பொழுதுபோக்கின் தொடக்கம் சுவையானது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் காலணிக் கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் ஆர்வம் கொண்ட அவர், மாதிரி விமானங்களில் ஈடுபாடு கொண்ட தம் அண்ணன் தம்பி உறவில் இருந்த ராபர்ட்டுக்காக 1954இல் ஒரு சிறு ராக்கெட்டைச் செய்தார். ராக்கெட் துறையில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன், இளையர்கள் வீட்டிலேயே எரிபொருள் கலந்து விபத்தில் சிக்குவதைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்த கார்லைல் தம் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். 1957இல் தேசிய ராக்கெட்டியல் சங்கம் உருவானது.

தேவை பெருகியபோது மோட்டார் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவர் வெர்ன் எஸ்டெஸ். அவர் ‘மேபெல்’ என்று பெயரிட்ட அந்த இயந்திரம் 5.5 விநாடிக்கு ஒரு மோட்டாரைத் தந்தது. 1961இல் அவரது நிறுவனம் கொலராடோவின் பென்ரோஸ் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. வீட்டில் யாரும் எரிபொருள் கலக்கக்கூடாது, ஆலையில் செய்த மோட்டாரையே வாங்கவேண்டும் என்ற விதிதான் இந்தப் பொழுதுபோக்கைக் காப்பாற்றியது.

கருமருந்தா, கலவையா?

திடலில் ஓயாத விவாதம் இதுதான். கருமருந்து மோட்டாரில் இருப்பது வெடியுப்பு, கந்தகம், கரி. தீபாவளி வாணத்தில் இருக்கும் அதே குடும்பம். கலவை மோட்டாரில் அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பொருளில் பிணைத்திருப்பார்கள். விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளில் எரிந்ததும் இதே அடிப்படையிலான எரிபொருள்தான்.

எஸ்டெஸ் நிறுவனத்தின் எஃப்15, கருமருந்து வகையில் பெரியது. 29 மில்லிமீட்டர் விட்டம், 60 கிராம் எரிபொருள், ஏறத்தாழ 50 நியூட்டன் விநாடி. எங்கள் திடலுக்கு வரும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. தீமூட்டியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் உடனே பற்றிக்கொள்ளும், ராக்கெட் அவசரமில்லாமல் கம்பியை விட்டு எழும், கண்ணால் தொடர முடியும் என்பது அவர் கட்சி. அந்த மருந்து வாசனையும் அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால், இதற்கு வரம்பு உண்டு. மோட்டாரின் சராசரி விசை, ராக்கெட்டின் எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்கவேண்டும் என்பது ஆர்வலர்கள் பின்பற்றும் கணக்கு. 15 நியூட்டன் என்றால் சுமார் 300 கிராம். அதற்கு மேல் எடை ஏறினால், குறிப்பாகக் காற்று வீசும் நாளில், கம்பியை விட்டதும் ராக்கெட் காற்றின் பக்கம் சாயத் தொடங்கும். பெரிய கருமருந்து மோட்டார்கள் வெப்ப மாற்றத்தையும் விரும்புவதில்லை. வெயிலில் காருக்குள் காய்ந்து, இரவில் குளிர்ந்தால் மருந்தில் விரிசல் விழலாம். விரிசல் விழுந்தது பற்றும்போது வெடித்துவிடும் ஆபத்து உண்டு. அவற்றை வீட்டுக்குள் வைத்துப் பாதுகாப்பது நல்லது.

கலவை மோட்டாரின் கணக்கு வேறு. ஏரோடெக் நிறுவனத்தின் எஃப்50இல் எரிபொருள் 38 கிராம்தான். உந்துதலோ கிட்டத்தட்ட 77 நியூட்டன் விநாடி. ஒரு கிராமுக்குக் கிடைக்கும் பலன் இரு மடங்குக்கும் மேல். ஒரு கிலோ எடையுள்ள ராக்கெட்டையும் அது தூக்கும். வேண்டிய புகையையும் தேர்ந்தெடுக்கலாம்: வெண்சுடருடன் அடர்ந்த வெள்ளைப் புகை, புகை குறைந்த நீலச் சுடர், கன்னங்கரிய புகை, சிவப்புச் சுடர். பிள்ளைகள் கைதட்டுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

குறை, பற்றவைப்பதில் இருக்கிறது. தீமூட்டியை எரிபொருளின் நடுத்துளை வழியே உச்சிவரை செலுத்தவேண்டும். பாதியில் நின்றால் வெறும் புகை வரும், ராக்கெட் நகராது. அப்போது யாரும் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. மின்கலத் தொடர்பைத் துண்டித்து ஒரு நிமிடமாவது காத்திருப்பது விதி. டி வகைவரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நிற்கவேண்டும் என்பதும் விதி.

இன்றைய தெரிவுகள் தாமாக வந்துவிடவில்லை. பெர்குளோரேட் கலவையை அமெரிக்க அரசு வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது. தேசிய சங்கமும் டிரிப்போலி ராக்கெட்டியல் சங்கமும் 2000இல் வழக்குத் தொடுத்தன. 2009 மார்ச் மாதம் நீதிமன்றம் ஆர்வலர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வாங்குவதும் வைத்திருப்பதும் எளிதாயின. சிறிய விட்டத்திலேயே கலவை எரிபொருள் அடைத்த குவெஸ்டின் க்யூ-ஜெட் போன்ற வரிசைகளும் வந்தன. பரணில் கிடந்த பழைய ராக்கெட்டுகளுக்குப் புது உயிர் கிடைத்ததாகப் பலர் சொல்கிறார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்கிறார்கள்: பழைய வாலிறகு புது விசையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள், பசை விட்டுப்போனால் ராக்கெட் நடுவானில் சிதறும்.

முட்டையைச் சுமக்கும் மாணவர்கள்

பெரியவர்களுக்கு இது ரசனை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கோ ஓராண்டு உழைப்பு. ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்க ராக்கெட்டியல் போட்டியில், கோழிமுட்டையை உடையாமல் சுமந்து, குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டு, குறிப்பிட்ட நேரத்தில் ராக்கெட் தரையிறங்கவேண்டும். மோட்டார் 80 நியூட்டன் விநாடியைத் தாண்டக்கூடாது, அதாவது எஃப் வகையே எல்லை. இலக்கிலிருந்து விலகும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு விநாடிக்கும் நான்கு புள்ளி சேரும். குறைந்த புள்ளி பெற்றவரே முன்னிலை. முட்டையில் கீறல் விழுந்தால் அந்த முயற்சியே செல்லாது. தகுதிச் சுற்றில் சிறந்த 100 குழுக்கள் வர்ஜீனியாவில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குச் செல்லும்.

இவர்களிடம் மோட்டார் எப்படி என்று கேட்டால் நிறத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். நேற்று செய்ததையே இன்றும் செய்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. இலக்கு 800 அடி என்றால், 5 விழுக்காடு பிசகினாலே 40 புள்ளி போய்விடும். அதனால் ஒரே தொகுப்பில் செய்த மோட்டார்களை மொத்தமாக வாங்கிவைப்பார்கள்.

கடந்த பருவத்தில் எங்கள் திடலுக்கு வந்த ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றுக்கு அதில்தான் சிக்கல். மாதக்கணக்கில் பயன்படுத்திய மோட்டார் கையிருப்பில் இல்லை என்று கடைகள் கைவிரித்துவிட்டன. தகுதிச் சுற்றுக்கு மூன்று வாரமே இருந்தது. உந்துதல் ஏறக்குறைய சமமாக இருந்த புதிய ரகம் ஒன்றை எடுத்தார்கள். அது வேகமாக எரிந்து முடிவது. முதல் முறை 70 அடி கூடுதலாகப் போனது, முட்டையும் உடைந்தது.

அழுகையும் வாக்குவாதமும் இருந்தன. பிறகு அந்தப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார்கள். புதிய மோட்டாரின் விசை வரைபடத்தைச் செயலியில் ஏற்றி, எடையைக் கிராம் கிராமாகக் கூட்டினார்கள். முட்டைக்கு அடியில் இன்னொரு பஞ்சுத் தட்டு வைத்தார்கள். அன்று மாலை கடைசி முயற்சியில் இலக்கிலிருந்து 9 அடி விலகல், முட்டை முழுதாக இருந்தது. இறுதிச் சுற்றுக்கு அவர்கள் தேர்வாகவில்லை. இரண்டு பேர் இந்த ஆண்டும் அதே திடலுக்கு வருகிறார்கள்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

ஆசையோடு இரண்டு மோட்டாரைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் அனுமதியில்லை, சரக்குப் பெட்டியிலும் அனுமதியில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெடிபொருள் சட்டங்கள் கடுமையானவை. இணையத்தில் வாங்கி வரவழைப்பதும் வினையை விலைக்கு வாங்குவதே.

ஆனால், அந்த மாணவர்கள் தரையில் உட்கார்ந்து செய்த வேலைக்கு நெருப்பு தேவையில்லை. ‘ஓப்பன்ராக்கெட்’ என்ற மென்பொருள் இலவசம். கடையில் விற்கும் மோட்டார்களின் விசை விவரங்கள் அதில் இருக்கின்றன. வாலிறகின் அளவை மாற்றினால் என்ன ஆகும், எஃப்15க்குப் பதில் எஃப்50 போட்டால் எவ்வளவு உயரம் போகும் என்று வீட்டு மேசையிலேயே பார்க்கலாம். கையால் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ராக்கெட் இருக்கிறது. பிளாஸ்டிக் போத்தல், தண்ணீர், காற்றடிக்கும் பம்பு போதும். எடை, விசை, நிலைத்தன்மை என்ற மூன்று கணக்கும் அங்கேயும் அதேதான். பெரியவர் ஒருவர் துணையோடு, திறந்த வெளியில், போத்தலிலிருந்து தள்ளி நின்று செய்யவேண்டும்.

பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். முதல் போத்தல் கோணலாகப் போகும். ஏன் என்று பிள்ளை கேட்டால், பதிலை உடனே சொல்லிவிடாமல் ஓர் அளவுகோலையும் தராசையும் கையில் கொடுங்கள்.