வில்லை எடுக்குமுன் இலக்கைச் செய்வோம்

துரோணர் தம் மாணவரைச் சோதித்த கதை நாம் எல்லோரும் அறிந்ததே. மரத்திலிருந்த பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்றான் அருச்சுனன். மற்றவர்களுக்கு மரமும் கிளையும் தெரிந்தன. ஆனால் இந்தக் கதையில் நாம் கவனியாது விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. அது உயிருள்ள பறவை அன்று. துரோணர் கைவினைஞரைக் கொண்டு செய்வித்து மரத்தில் வைத்த பொம்மைப் பறவை அது. அரசகுமாரர் வில்லேந்துவதற்கு முன்பே, பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை அங்கு வேலை செய்து முடித்திருந்தது.

வில்வித்தையைத் தம் இளைஞர் மத்தியில் தொடங்க விரும்பும் எவரும் இந்த ஒழுங்கையே பின்பற்ற வேண்டும் என்பது நமது கருத்து. முதலில் இலக்கு, பின்னர் வில். அம்பு எங்கே போய் நிற்கும் என்பதை முடிவு செய்யாதவரிடம் வில்லைக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

ஏன் விலங்கு உருவம்?

வட்டம் வரைந்த பலகை போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். பயிற்சிக்கு அது போதும். ஆனால் சிறாருக்கு விலங்கு உருவத்தில் உள்ள ஈர்ப்பு வட்டத்தில் இல்லை. நுரைப்பொருளில் செய்த மான், பன்றி, கரடி ஆகியவற்றை வெவ்வேறு தூரங்களில் நிறுத்தி எய்யும் 'முப்பரிமாண வில்வித்தை' இன்று உலகெங்கும் நடைபெறும் போட்டியாகும். அதன் முதலாவது உலகப் போட்டி 2003 இல் பிரான்சில் நடந்தது. விலங்கின் உயிர்நிலையான நெஞ்சுப் பகுதியில் வட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கும். உள்வட்டத்திற்கு 11 புள்ளி, அடுத்ததற்கு 10, பின்னர் 8. உடலின் ஏனைய பகுதிக்கு 5.

வேட்டையாடி வாழ்ந்த மக்களின் திறமை வேட்டை நின்றதும் என்னவாகிறது என்ற கேள்வியும் இதனுள் இருக்கிறது. நமது நாட்டின் மூத்த குடிகளான வேடுவர் வேட்டையாடிய காடுகளில் பெரும்பகுதி 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதனுள் வேட்டைக்கு இடமில்லை. தம்பானைக்குச் செல்வோர் இன்று வேடுவரின் வில்லைப் பெரும்பாலும் காட்சியாகவே காண்கின்றனர். இந்தியாவில் இதே திறமைக்கு வேறொரு வழி திறந்தது. இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டப் பழங்குடியில் பிறந்த லிம்பாராம் சிறுவயதில் மூங்கில் வில்லால் பறவைகளை வேட்டையாடியவர். 1987 இல் அரச பயிற்சித் திட்டத்திற்குத் தெரிவு செய்யப்பட்டு, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். ராஞ்சியின் ஓட்டோச் சாரதி ஒருவரின் மகளான தீபிகா குமாரி வீட்டில் செய்த மூங்கில் வில்லுடன் தொடங்கி, 2010 இல் டில்லியில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் இரு தங்கப் பதக்கங்களை வென்றார். இவர்களுக்குக் கிடைத்தது எய்வதற்கு ஓர் இடமும் எய்யச் சொல்லிக்கொடுக்க ஒருவரும். அவ்வளவே.

கொழும்பு தரும் மூலப்பொருள்

கொட்டாஞ்சேனையின் தோட்டக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைக்கு மைதானம் என்பது பாடசாலைக்குள் இருக்கும் ஒரு பொருள். பாடசாலையை விட்டவருக்கு அதுவும் இல்லை. கிரிக்கெட்டுக்கு ஒழுங்கையாவது கிடைக்கிறது. வில்வித்தைக்கு வேண்டியது பத்து மீற்றர் நீளமும் அடைபட்ட பின்சுவரும் உள்ள ஒரு மண்டபம் மட்டுமே. தடை பொருளின் விலையில்தான் இருக்கிறது. கடையில் விற்கும் நுரை விலங்குகள் கப்பலில் வருபவை. பாரம் குறைந்தாலும் பருமன் பெரிது, ஆகவே கூலியும் பெரிது. அதோடு, வில் பல ஆண்டு உழைக்கும். இலக்கோ எய்ய எய்யத் தேயும்.

கிராமத்தில் இதற்கு வைக்கோல் உண்டு. வைக்கோலை இறுக முறுக்கிச் சுற்றிய இலக்கு உலகின் மிகப் பழைய இலக்குகளில் ஒன்று. வன்னியிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் வாசகர் நுரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொழும்பில் வைக்கோல் இல்லை, கழிவு உண்டு. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இறக்குமதிப் பொருட்களைச் சுற்றிவரும் நுரைத் தாள்கள் கடை வாசல்களில் குவிகின்றன. வெள்ளவத்தையில் காலி வீதியின் புடவைக் கடைகளைச் சுற்றியுள்ள தையலகங்களில் வெட்டுத் துணி சேர்கிறது. ஒன்று கொழும்பு 13, மற்றது கொழும்பு 6. இரண்டையும் சேர்த்தால் ஒரு பன்றி கிடைக்கும்.

எந்த நுரை? இங்கேதான் பலர் தவறுவர். எளிதில் கிடைப்பது வெள்ளை றெஜிபோம். அதை எடுக்கவேண்டாம். அம்பு பட்டதும் அது மணி மணியாக உதிரும்; வேகமாக நுழையும் அம்பின் சூட்டில் உருகித் தண்டில் ஒட்டும். உதிர்ந்த மணி கானுக்கும், கானிலிருந்து வெள்ளவத்தைக் கால்வாய் வழியே கடலுக்கும் போகும். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளை நமது மீனவக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. மெத்தைப் பஞ்சும் உதவாது; அம்பு தடையின்றி மறுபுறம் போய்விடும்.

நமக்கு வேண்டியது, பொருட்களைச் சுற்றி வரும் வளையக்கூடிய பொலித்தீன் நுரை. பெருவிரலால் அழுத்தினால் மெல்ல மீளும், கிள்ளினால் உதிராது. அம்பை நிறுத்துவது நுரையின் கடினமன்று. இருபுறமும் அழுத்தும் படைகள் அம்பின் தண்டை உரசிப் பிடிக்கின்றன. ஆகவே தாளின் தட்டையான முகத்தை அன்றி, அடுக்கின் ஓரத்தையே எய்பவருக்குக் காட்டவேண்டும்.

செய்முறை

1. காட்டுப்பன்றியில் தொடங்குங்கள். மெலிந்த கால்களும் நீண்ட கழுத்தும் இல்லாததால் செய்வது எளிது. பெரிய காட்போட் அட்டையில் 90 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட பக்கத் தோற்றத்தை வரையுங்கள். வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை அருகிலேயே உள்ளது. ஒரு விலங்கைச் செய்ய முனையும் பிள்ளை, அதன் தோள் எங்கே முடிகிறது, மூச்சு விடும்போது எந்த இடம் அசைகிறது என்று முதன்முறையாக உற்றுப் பார்க்கும்.

2. நுரைத் தாள்களை 30 சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேலும் கீழும் மெல்லிய பலகை வைத்து, ஒருவர் ஏறி நின்று அழுத்த, மற்றவர் பழைய சைக்கிள் ரியூப்பால் பல சுற்று இறுகக் கட்டட்டும். 38 சென்ரிமீற்றர் உயர அடுக்கு 30 ஆகக் குறைந்தால் இறுக்கம் போதும். இந்த நுரையில் பசை சரியாகப் பிடிப்பதில்லை, கட்டுவதே உறுதி. இதுவே பன்றியின் 'நெஞ்சுப் பெட்டி'.

3. இரண்டு சாக்குகளில் வெட்டுத் துணியை அடையுங்கள். பொத்தான், சிப், ஊசி ஆகியவற்றை ஒன்றுவிடாமல் முதலில் நீக்கவேண்டும்; இரும்பில் பட்ட அம்பு திரும்பித் தெறிக்கும். தடியால் குத்திக் குத்தி அடைத்தால்தான் சாக்கு கல்லுப்போல் நிற்கும்.

4. முன்காலின் பின்புறம் வரும் இடத்தில் நெஞ்சுப் பெட்டி அமையுமாறு சாக்குகளை முன்னும் பின்னும் வைத்துக் கட்டி, அனைத்தையும் பழைய படங்கினால் போர்த்தித் தையுங்கள். தலையை மீதி நுரையில் வெட்டிச் சேர்க்கலாம். கால்களை அட்டையில் வரைந்து முன்னால் ஒட்டினால் போதும்.

5. நீரில் கரையும் சுவர்ப்பூச்சினால் நிறம் தீட்டுங்கள். பெற்றோல், தின்னர் கலந்த பூச்சு பலவகை நுரையைக் கரைத்துவிடும்.

நெஞ்சுப் பெட்டி தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி, நடுத்தாள்களை ஓரத்துக்கும் ஓரத்தாள்களை நடுவுக்கும் மாற்றிக் கட்டலாம். முற்றாகப் பழுதானதை எரிக்கவே கூடாது. நுரைகளின் புகை நச்சுப் புகை. சாக்கில் கட்டிக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நகரம் இது. நாம் எறிவது எங்கோ ஓர் ஏழையின் வீட்டுக்குப் பின்னால்தான் குவிகிறது.

பாதுகாப்பு

இலக்குக்குப் பின்னால் கனமான பழைய கம்பளத்தைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டிய கம்பளத்தை அம்பு துளைக்கும். தளர்ந்தது அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அதற்கும் பின்னால் கதவோ யன்னலோ இல்லாத சுவர் வேண்டும். தொடக்கத்தில் 5 மீற்றர் தூரமும் 15 முதல் 20 இறாத்தல் இழுவையுள்ள வில்லும் போதும். வேட்டை முனை வேண்டாம். பயிற்சி முனை மட்டும். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, விசில் ஊதியபின் எய்து, மறு விசிலுக்குப் பின்னரே அம்பெடுக்கச் செல்லவேண்டும். அம்பைப் பிடுங்கும்போது பின்னால் ஒருவரும் நிற்கலாகாது.

அயலவரும் அதிகாரிகளும்

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அதை நாம் வெளிப்படையாகப் பேசுவது நல்லது. கொட்டாஞ்சேனைத் தெருவில் ஒரு தமிழ் இளைஞன் வில்லும் அம்பும் சுமந்து போவது, வேறிடத்தில் வேறொருவன் போவது போன்றதன்று. 2009 வரை நீடித்த யுத்த காலத்தின் தேடுதல்களும் பொலிஸ் பதிவுகளும் இந்தத் தெருக்களுக்கு நன்கு பழக்கமானவை. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த பின்னர், எல்லா இனத்தவரும் கையிலுள்ள பொதியைப் பார்த்தே ஆளை அளந்தனர். அந்தப் பயம் முற்றாக நீங்கிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

ஆகவே, முதல் அம்பை எய்யுமுன் பெற்றோரையும் அயலவரையும் அழையுங்கள். கிராம சேவகருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வில்களை மண்டபத்திலேயே பூட்டி வைத்தால் ஒரு பிள்ளையும் அதைத் தெருவில் கொண்டுதிரிய வேண்டியதில்லை. சிங்கள, முஸ்லிம் அயலவரின் பிள்ளைகளையும் முதல்நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கடைக்கும் வேலை எவரும் எவரோடும் சேர்ந்து செய்யக்கூடியது. அதற்குப் பொதுமொழி தேவையில்லை. பன்றியைத் தன் கையால் தைத்த பிள்ளையின் தாய், அந்த மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று இன்னொருவரிடம் கேட்க வேண்டியதுமில்லை.

வில் வாங்கப் பணமில்லையே என்று காத்திருக்கும் குழுக்களுக்கு நாம் சொல்வது இதுதான். இலக்கைச் செய்ய இரண்டு சனிக்கிழமைகள் போதும். அதற்குச் செலவாவது நூலும் சிறிது பூச்சும் மட்டுமே. முதல் சனிக்கிழமை துணியும் நுரையும் சேர்த்து, பொத்தான்களைப் பிரித்தெடுங்கள். அடுத்த சனிக்கிழமை அடைத்துத் தையுங்கள். பன்றி தயாராகி மண்டபத்தில் நிற்கட்டும். அதைக் கண்ட பின்னர் பங்கு மக்களிடம் வில்லுக்கு உதவி கேட்பது எளிதாயிருக்கும்.