காசா, ஆளா? சீத்தா கேம்ப் சொல்லும் சந்தோஷக் கணக்கு!

மும்பை மான்கூர்டில் இறங்கி டிராம்பே பக்கம் போனால் சீத்தா கேம்ப். கல்லிக்குக் கல்லி தமிழ் காதில் விழும்! காசு இருந்தால்தான் சந்தோஷமா? இந்தக் கேள்வியோடு இங்கிருந்தே கிளம்புவோம், வாங்க!

ஓர் ஊரே இடம் பெயர்ந்தது தெரியுமா?
1976, எமர்ஜென்சி நேரம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். வீடு போனது; பக்கத்து வீட்டு உறவைக் கையோடு கொண்டுவந்தார்கள். அதன்மேல்தான் இந்த ஊர் எழுந்தது!

குப்பையோடு பிக்னிக் போனவர் யார் தெரியுமா?
ஜோக்கின் அற்புதம்! கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-ல் மும்பைக்கு வந்து, தச்சு வேலை பார்த்தவர். இடிபடும் முன்பு, ஜனதா காலனியில் குப்பை அள்ள ஆள் வரவில்லை. பிக்னிக் என்று பிள்ளைகளைத் திரட்டினார், ஆளுக்கொரு பொட்டலம் குப்பை கொடுத்தார், நேராக மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார்! செலவு? ஒன்றுமில்லை. துணை? ஊரே! பின்னாளில் 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன.

கொல்கத்தா சேரி மக்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா?
2001-ல் வெளியான ஓர் ஆய்வு. ராபர்ட் பிஸ்வாஸ் டீனரும் எட் டீனரும் சேரிவாசிகள், நடைபாதைவாசிகள், பாலியல் தொழிலாளிகள் என 83 பேரிடம் பேசினார்கள். குடும்பம், நட்பு பற்றிக் கேட்டால் பலர் திருப்தி என்றார்கள்! ஆனால் அதே ஆய்வில், வருமானம் கூடியவர்களிடம் திருப்தியும் கூடுதலாகவே இருந்தது. ஏழைக்குக் காசு எதற்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது!

10,000 ரூபாயும் 1 லட்சமும் சமம், எப்படித் தெரியுமா?
டேனியல் கானெமன், மாத்யூ கில்லிங்ஸ்வர்த், பார்பரா மெல்லர்ஸ் மூவரும் 2023-ல் அமெரிக்கர்களை வைத்துச் சொன்னது இது: பெரும்பாலோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது. ஆனால் ஏறுவது மடங்குக் கணக்கில்! அந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டால், 10,000 சம்பாதிப்பவருக்கு இன்னொரு 10,000 தரும் மகிழ்ச்சியை, 1 லட்சக்காரர் பெற இன்னொரு லட்சம் வேண்டும். கல்லியில் விழும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு பலம், பாருங்கள்!

லாட்டரி விழுந்தவருக்கு டீ ருசிக்குமா, தெரியுமா?
1978-ல் பிலிப் பிரிக்மன் குழு 22 லாட்டரி வெற்றியாளர்களை விசாரித்தது. மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்கள்கூட அவர்களுக்குக் குறைவாகவே இனித்தன! நண்பனோடு பாதிப் பாதியாகக் குடிக்கும் கட்டிங் சாயின் ருசி சும்மாவா?

கொடுத்தால் கூடுவது எது தெரியுமா?
2008-ல் எலிசபெத் டன் குழு சிலரிடம் காலையில் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னது. பிறருக்காகச் செலவழித்தவர்களே அதிகம் மகிழ்ந்தார்கள். 5-க்கும் 20-க்கும் வித்தியாசமே இல்லை! நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கைக்கு இது எப்போதோ தெரியும்.

80 வயதுச் சுகத்தை 50-லேயே சொல்லிவிடலாம், தெரியுமா?
1938-ல் தொடங்கிய ஹார்வர்ட் ஆய்வு 268 கல்லூரி மாணவர்களையும் போஸ்டனின் ஏழைப் பகுதிச் சிறுவர்கள் 456 பேரையும் ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தது. 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80-லும் நலமாக இருந்தார்கள். கொலஸ்ட்ரால் அளவைவிட உறவே நன்றாகக் கணித்தது!

காசும் ஆளும் கைகோத்த இடம் தெரியுமா?
1986-ல் மும்பை நடைபாதைப் பெண்கள் உருவாக்கிய மகிளா மிலன்! அற்புதம் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்போடு சேர்ந்து தினசரிச் சேமிப்பு நடத்தியது. ஒரு பெண் வாசல் வாசலாகப் போய் ஐந்தோ பத்தோ வாங்குவார். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு இன்று வேலையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். நாளை அந்த வீட்டுக்கு மருந்துக்குப் பணம் வேண்டுமென்றால் அந்தச் சேமிப்பே கைகொடுக்கும்.

காசு வேண்டும், கட்டாயம் வேண்டும்! அது தினமும் நம் கதவைத் தட்டும் ஒரு மனுஷியின் கையில் இருந்தால், இன்னும் வேறென்ன வேண்டும்!