மன்னார்க் கரையின் மாரிக்கால விருந்தினர்

ஐப்பசி மழை தொடங்கியதும், கண்டித் தலதா மாளிகையின் பின்புறமுள்ள உடவத்தைக் காட்டில் புதிய குரலொன்று கேட்கத் தொடங்கும். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் சீழ்க்கையடிக்கும் அப்பறவைக்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். இமய அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவிரவாகப் பறந்து வருவதனால் களைப்புற்று, விளக்கெரியும் வீடுகளுக்குள்ளும் அது புகுந்துவிடுவதுண்டு. அவ்வேளையில் பிள்ளைகள் கூண்டு தேட வேண்டியதில்லை. காற்றோட்டமுள்ள பெட்டியொன்றில் இருளில் இளைப்பாற விட்டு, விடிந்ததும் திறந்துவிட்டாற் போதும்.

எனினும், பறவைகளின் வலசையை முழுமையாகக் காண விரும்பும் நேயர்கள் மலையை விட்டிறங்கித் தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்குச் செல்லுதல் வேண்டும். அதற்குத் தைத் திங்களே ஏற்றது. வடகீழ்ப் பருவ மழையால் நிரம்பிய களப்புகள் அப்போதுதான் வற்றத் தொடங்கி, நாள்தோறும் புதிய சேற்றைத் திறந்து காட்டுகின்றன. நமது கரையில் கடல் ஏறியிறங்கும் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இங்கே பறவைகளுக்குப் பந்தி விரிப்பது திங்களன்று, மழையும் காற்றுமே.

2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலையில் இப்பந்தியைக் காணலாம். குட்டை அலகுடைய உப்புக்கொத்தி சேற்றின் மேற்பரப்பில் பொறுக்குகின்றது; நீண்ட அலகுடைய மூக்கன் ஆழத்திற் குத்தித் துழாவுகின்றது; பூநாரையோ தலையைக் கவிழ்த்து நீரையே அரித்துண்கின்றது. ஒன்றின் உணவு மற்றொன்றுக்கு எட்டுவதில்லை. ஆதலால் சண்டையும் அதிகமில்லை. இத்தகைய ஒழுங்கை என் வகுப்பறைகளில் யான் கண்டதில்லை!

மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடி நம் தீவு, அப்பால் பெருங்கடலே. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிய கடற்காகமொன்று, ஏழாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள ரஷ்யாவின் வடதுருவக் கரையைச் சென்றடைந்தது.

அப்பறவைகளைத் தாங்கிவரும் காற்றே மின்னாலைகளையும் சுழற்றுகின்றது. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. மேலும் 250 மெகாவாற் அளவில் அமைக்கவிருந்த திட்டமொன்று, உயர் நீதிமன்ற வழக்குகளுக்கும் விலை பற்றிய பிணக்குக்கும் இடையே, 2025 பெப்ரவரியில் நிறுவனத்தாராற் கைவிடப்பட்டது. மின்சாரம் வேண்டாமென்று எவரும் கூறார். மாணவனுக்கு விளக்கு வேண்டும். ஆனால் காற்றாலையை வேறிடத்தில் நாட்டலாம், வலசைப் பாதையை நம்மால் மாற்றி வைத்தல் இயலாது என்பதே என் கருத்து. விரைந்து திரும்ப இயலாத பூநாரை போன்ற பெரும் பறவைகளுக்கு, அந்தியிற் கண்ணுக்குத் தென்படாத மின்கம்பியும் பகையே. கம்பிகளிற் குறிவில்லைகளைத் தொங்கவிடுவது மோதலைக் குறைக்குமென்பது பிறநாடுகளில் அறியப்பட்டதாகும்.

அங்குச் செல்வோர் காலையில் கதிரவனை முதுகுப்புறம் கொண்டு, தாம்போதியோரத்தில் அசையாது நிற்றல் நன்று. கூட்டம் எழுந்து பறக்கும் அழகைக் காண்பதற்காகக் கல்லெறிவோரும் உளர். பங்குனியில் வடக்கு நோக்கிப் புறப்படுவதற்காகப் பறவை தன்னுடலிற் சேர்த்துவைக்கும் கொழுப்பு, அவ்வாறு எழும்பும் ஒவ்வொரு முறையும் சிறிது கரைகின்றது.