மடக்கு போன் நம் கடைக்குப் போதுமா?



பௌர்ணமி நாளில் நம் ஊர்க் கடைகளில் எத்தகைய நெரிசல் இருக்கும் என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் மக்கள் தண்ணீர், கற்பூரம், பிஸ்கட், பழம் என்று வாங்கிக்கொண்டே போகிறார்கள். ஒரு கையில் தராசும் மறு கையில் கல்லாவுமாக நிற்கும் கடைக்காரருக்குச் சட்டைப் பையிலுள்ள பெரிய டச் போன் உதவியாகவும் இருக்கிறது, தொந்தரவாகவும் இருக்கிறது. கடையின் முழு வங்கிக் கணக்கும் அந்த ஒரு போனுக்குள் இருக்கும்போது, அதே கூட்டத்தில் அது களவு போய்விட்டால் என்ன ஆகும் என்ற அச்சமும் உண்டு.

இதனால் பழைய மடக்கு போனுக்கே திரும்பிவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இது குறித்துச் சில விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மடக்கு போனில் இரண்டு வகை

மோட்டோரோலா நிறுவனம் 1996-ல் ஸ்டார்டாக் என்னும் மடக்கு செல்போனைக் கொண்டுவந்தது. 2004-ல் வந்த ரேஸர் வி3 உலகெங்கும் விற்றது. பிறகு டச் போன்கள் வந்து இவற்றை ஒதுக்கிவிட்டன. இன்று மடக்கு போன் என்ற ஒரே பெயரில் இரு வேறு சரக்குகள் சந்தையில் உள்ளன.

முதல் வகை, திரையே மடங்கும் ஸ்மார்ட்போன். சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப் 2020 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 1,09,999 ரூபாய். விரித்தால் 6.7 அங்குலத் திரை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். ஸ்மார்ட்போனின் எல்லா வேலையும் செய்யும். ஆனால் மளிகைக் கடைக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024-ல் வந்த ஃபிளிப் 6-க்கு ஐ.பி.48 என்ற தரக்குறி கொடுத்திருக்கிறார்கள். இதில் 4 என்பது, 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே புகாது என்பதைக் குறிக்கும். மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், மைதா எல்லாம் அதைவிட மிக நுண்ணியவை. தூள் பறக்கும் இடத்தில் இவ்வளவு விலை கொடுத்து இதை வைத்துக்கொள்வது நமக்கு ஏற்றதல்ல.

இரண்டாவது வகை, பட்டன் உள்ள மடக்கு போன். எடுத்துக்காட்டாக, நோக்கியா 2660 ஃபிளிப் 2022 ஆகஸ்டில் 4,699 ரூபாய்க்கு இங்கே விற்பனைக்கு வந்தது. பெரிய பட்டன்கள், உள்ளே 2.8 அங்குலத் திரை, மூடியிருக்கும்போதே யார் அழைக்கிறார்கள் என்று காட்ட வெளியே ஒரு சிறு திரை, 4ஜி வசதி ஆகியவை இதில் உண்டு. எண்ணெய்க் கையாலும் பட்டனை அழுத்தலாம். மூடினால் பேச்சு முடிந்தது. பையில் கிடந்து தானாக யாருக்கும் அழைப்புப் போகாது. இந்த வகை நம் கடைக்கு எந்த அளவு உதவும் என்பதையே இனிப் பார்ப்போம்.

பணம் வாங்க போன் வேண்டுமா?

வேண்டியதில்லை. கியூ.ஆர். அட்டை கடைக்காரரின் வங்கிக் கணக்கோடு இணைந்தது. வாடிக்கையாளர் தம் போனில் ஸ்கேன் செய்தால் பணம் கணக்கில் சேர்ந்துவிடும். சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் நாம் போனை எடுத்துப் பார்க்கிறோம். அந்த வேலையை ஒலிப்பெட்டி செய்துவிடும். அதற்குள்ளேயே தனி சிம் இருப்பதால் நம் போன் அருகில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தொகையைத் தமிழிலேயே சொல்லும். பெரும்பாலும் மாத வாடகை உண்டு. அதைக் கேட்டறிந்து வாங்கவும்.

வாடிக்கையாளர் தம் திரையைக் காட்டி "பணம் போய்விட்டது" என்று சொல்வதை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுக்கக் கூடாது. பழைய படத்தைக் காட்டி ஏமாற்றுவது எளிது. பெட்டி சொன்னால்தான் வரவு.

பணம் கொடுப்பது எப்படி?

ஆரணி அரிசி மண்டிக்கோ, எண்ணெய் மொத்த வியாபாரிக்கோ பணம் அனுப்பவும் பட்டன் போனில் வழி உண்டு. ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8 அன்று யு.பி.ஐ. 123பே என்ற திட்டத்தைத் தொடங்கியது. வங்கியில் பதிவான எண்ணிலிருந்து 080-45163666 என்ற எண்ணை அழைத்து, முதல் முறை கணக்கை இணைத்து ரகசிய எண் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு டெபிட் கார்டு தேவை. பிறகு பெறுபவரின் செல் எண், தொகை, ரகசிய எண் என்று பட்டனை அழுத்தினால் பணம் போய்விடும். இணையம் தேவையில்லை. ஒரு முறைக்கு 5,000 ரூபாயாக இருந்த வரம்பை 10,000 ரூபாயாக உயர்த்தும் முடிவை ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் அறிவித்தது.

நாமாக அந்த எண்ணை அழைக்கும்போது மட்டுமே ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் அழைத்தாலும் எந்த எண்ணையும் கொடுக்கக் கூடாது.

பெரிய கொள்முதலுக்கு இந்த வரம்பு போதாது. அதற்குக் காசோலை, வங்கிக் கிளை அல்லது கடையில் வைத்துள்ள ஸ்மார்ட்போன்தான் வழி.

வாட்ஸ்அப் இல்லாமல் முடியுமா?

மடக்கு போனின் பெரிய குறை இதுதான். பட்டன் போனான ஜியோபோனில் 2018-ல் வாட்ஸ்அப் வந்தது. ஆனால் அதிலுள்ள கய்ஓஎஸ் போன்களுக்கு 2024 ஜூனுக்குப் பின் புதிதாகப் பதிவிறக்கும் வசதி நின்றது. 2025 தொடக்கத்தில் சேவையும் நிறுத்தப்பட்டது. ஆகவே "இதில் வாட்ஸ்அப் வரும்" என்று யாராவது பழைய சரக்கை விற்றால் நம்ப வேண்டாம்.

மாதச் சாமான் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடுகள் இன்று ஏராளம். மொத்த வியாபாரிகளின் விலைப் பட்டியலும் அதில்தான் வருகிறது. அந்த வசதியை முழுதும் விட்டுவிட்டால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும். ஆகவே ஸ்மார்ட்போனைத் தூக்கி எறிய வேண்டாம். தராசு, கல்லாப் பெட்டி போல அதுவும் கடையின் உடைமையாக ஓரிடத்தில் இருக்கட்டும். பில் போடும் கம்ப்யூட்டர் இருந்தால் வாட்ஸ்அப்பை அதிலும் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் மூல போனை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

எந்த சிம் எதில்?

இதில்தான் பலரும் தடுமாறுவார்கள். யு.பி.ஐ. செயலி, வங்கியில் பதிவான சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பித்தான் கணக்கைச் சரிபார்க்கிறது. அந்த சிம்மைக் கழற்றி மடக்கு போனில் போட்டால் செயலி நின்றுபோகக்கூடும்.

வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த எண்ணை மாற்றக் கூடாது. அது மடக்கு போனுக்குப் போகட்டும். இன்னோர் எண் வாங்கி, வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துக் கணக்கை அந்த எண்ணுக்கு மாற்றிக்கொண்டு, அதைக் கடை ஸ்மார்ட்போனில் வைக்கலாம். மாற்றம் முடியும்வரை சிம்மை இடம் மாற்ற வேண்டாம். ஜி.எஸ்.டி., உணவு உரிமம் ஆகியவற்றில் எந்த எண் பதிவாகியுள்ளது என்றும் பாருங்கள், ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ஸ்மார்ட்போனே வேண்டாம், 123பே போதும் என்பவர்கள் மட்டும் வங்கி எண்ணை மடக்கு போனில் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஜியோ சிம் உள்ளவர்கள் 4ஜி போன்தானா என்று பார்க்க வேண்டும். 2ஜி போனில் அந்த சிம் வேலை செய்யாது.
2. தமிழ்க் குறுஞ்செய்தி எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று கடையிலேயே சோதிக்கவும்.
3. கீல் ஆடாமல் இருக்கிறதா என்று நாலைந்து முறை திறந்து மூடிப் பார்க்கவும்.
4. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைக்கவும். போன் தொலைந்தால் சஞ்சார் சாதி தளம் மூலம் அதை முடக்க இந்த எண் தேவைப்படும்.
5. பண மோசடி நடந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும்.

மடக்கு போன் எல்லாக் குறையையும் தீர்த்துவிடாது. தீபத் திருநாளில் டவர் திணறினால் ஒலிப்பெட்டியும் தாமதமாகத்தான் பேசும். அன்றைக்குச் சில்லறையைத் தயாராக வைத்திருப்பதே நல்லது. ஆனால் பணம் கடையில் பத்திரமாகவும், பேச்சு நம் பையிலும், கண் தராசிலும் இருக்க இந்த ஏற்பாடு நிச்சயம் உதவும். கடையில் தம் கையிலிருந்தே நடக்க வேண்டிய வேலைகள் எவை என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்.

இம்முறையைப் பின்பற்றிப் பார்க்கும் உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.