பேரேடுதான் லெட்ஜர்

பி.காம். முதலாண்டு படிக்கும் என் பழைய மாணவி பொங்கல் விடுமுறையில் பள்ளிக்கு வந்தாள். "லெட்ஜர்னு சொன்னதும் புதுப் பாடம்னு பயந்துட்டேன் டீச்சர். நம்ம பேரேடுதான்னு புரிய ஒரு வாரம் ஆச்சு" என்றாள். கணக்கு தெரிந்தும், சொல் தெரியாததால் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தவறு என்னுடையது.

இப்போது மேல்நிலை வகுப்பில் தினமும் ஐந்து நிமிடம் இதற்கே. குறிப்பேடு என்றால் ஜர்னல், இருப்பாய்வு என்றால் டிரையல் பேலன்ஸ், தேய்மானம் என்றால் டிப்ரிசியேஷன் என நாளுக்கு இரண்டு சொற்களை, ஆங்கில எழுத்துக்கூட்டலோடு மாணவர்களே தனி நோட்டில் எழுதுகிறார்கள். வெள்ளிதோறும் ஒருவர் கடை ரசீது கொண்டுவந்து, எது பற்று, எது வரவு என்று கரும்பலகையில் பதிவிட்டு விளக்குகிறார். கல்லூரியில் குறிப்பெடுக்கவும், பின்னர் நேர்காணலில் தயங்காமல் பேசவும் இந்தப் பழக்கம் உதவும்.