ரிப்போர்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால்...



மாசமாக இருக்கும்போது எடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக இருந்தால் யாரும் அதைப் பேசுவதில்லை. ஒரு வரி மாறி வந்தால் போதும், வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. "பிள்ளைக்கு ஏதோ குறையாம்" என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு அன்றிலிருந்து சோறும் இறங்காது, தூக்கமும் வராது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேனோடு 'டபுள் மார்க்கர்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். இது நோயை உறுதி செய்யும் பரிசோதனை இல்லை. யாருக்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று சலித்து எடுப்பதுதான். சல்லடையில் கல்லோடு நல்ல தானியமும் கொஞ்சம் தங்கத்தானே செய்யும்!

'டவுன் சிண்ட்ரோம் 1:200, ஹை ரிஸ்க்' என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு 20 பேர், 10 குழுவுக்கு 200 பேர். அத்தனை பேருக்கும் இதே ரிசல்ட் வந்தாலும், ஒருவர் குழந்தைக்குத்தான் அந்தக் குறை இருக்கும். மீதி 199 பேருக்கு இருக்காது. 'லோ ரிஸ்க்' என்றாலும் அப்படித்தான், வாய்ப்பு குறைவு என்று மட்டுமே அர்த்தம்.

அம்மாவின் வயது, எடை, சர்க்கரை நோய், இரட்டைக் குழந்தையா, எத்தனை வாரம் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். கடைசியாகக் குளித்த தேதியை "பொங்கல் கழிச்சு இருக்கும்" என்று உத்தேசமாகச் சொல்வது நம்மிடம் உண்டு. வாரம் தப்பினால் கணக்கும் தப்பும். அதனால் ஸ்கேனில் தெரிந்த வாரத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், 15 வாரத்துக்கு மேல் வயிற்றில் ஊசி வைத்துப் பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பார்கள். இதனால் கரு கலைவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. அம்மாவின் ரத்தத்திலேயே குழந்தையின் மரபணுவைப் பார்க்கும் 'என்.ஐ.பி.டி' பரிசோதனை டபுள் மார்க்கரைவிடத் துல்லியமானது, ஆனால் செலவு அதிகம். அதுவும் சலித்து எடுப்பதுதான். அதற்காக அவசரப்பட்டு வட்டிக்கு வாங்கும் முன், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் "இருதயத்தில் வெள்ளைப் புள்ளி" என்று எழுதியிருந்தால் பலர் இருதயத்தில் ஓட்டை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அந்தப் புள்ளியால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

பயப்பட வேண்டாம் என்பதற்காகத் தள்ளிப் போடவும் கூடாது. நீர் எடுத்த பிறகு ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். குழந்தைக்குக் கடுமையான குறை என்று உறுதியானால், 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதலோடு கருவைக் கலைக்கலாம். அதற்கு மேல் என்றால் மருத்துவக் குழு முடிவு செய்யும். 18 வயது நிறைந்தவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. பெற்று வளர்ப்போம் என்பதும் அவர் முடிவுதான். மாமியாரோ நாமோ தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

"கிரகணத்துல வெளியே வந்தா", "பப்பாளி தின்னா" என்று பழி போடுவதையும் விட்டுவிடுவோம். டவுன் சிண்ட்ரோம் என்பது கரு உருவாகும்போதே ஒரு குரோமோசோம் கூடுதலாக வந்துவிடுவது. சாப்பாட்டாலோ வேலையாலோ வருவதில்லை. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு வேறு சில பரம்பரை நோய்கள் வர வாய்ப்பு அதிகம், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லா ரிப்போர்ட்டும் ஸ்கேன் தாளும் ஒரே பையில் இருக்கட்டும். குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போங்கள். பதற்றத்தில் இருப்பவர் காதில் டாக்டர் சொல்வதில் பாதிதான் விழும்.