கொலையாளியின் உள்ளத்தை யார் அறிவார்?

எங்கள் மணிமங்கலத்திலிருந்து நாள்தோறும் இளைஞர்கள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் 1991க்குப் பின் பிறந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையோரம் உள்ள ராஜீவ் காந்தி நினைவிடம் அவர்களுக்கு வழியில் வரும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்தக் கொலையைச் செய்தவர் யார் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். ஏன் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு விடை வரும். ஒவ்வொன்றும் உறுதியான குரலில் வரும். அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதே என் ஐயம்.

1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்திற்கு வந்த ராஜீவ் காந்தியைக் கையில் சந்தன மாலையுடன் ஓர் இளம்பெண் எதிர்கொண்டாள். பெண் காவலர் ஒருவர் அவளைத் தடுத்தார். ராஜீவோ அவளும் வரட்டும் என்றார். மாலையிட்டுப் பாதம் தொடக் குனிந்தவள் இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தாள். ராஜீவுடன் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் அவர்களுள் ஒருவர். கவிதை வாசிக்கத் தாயுடன் வந்திருந்த சிறுமி மற்றொருவர். கொலையாளிகளுக்காகப் படமெடுக்க வந்த அரிபாபுவும் இறந்தார். அவருடைய கேமரா மட்டும் பிழைத்தது. அதிலிருந்த படங்களால்தான் அப்பெண்ணின் முகம் உலகுக்குத் தெரிந்தது. அமைதியான முகம். அதை எத்தனை முறை உற்று நோக்கினாலும் காரணம் எதுவும் தென்படுவதில்லை.

தணு என்பது அவளுடைய இயக்கப் பெயர். அவள் செயலுக்கு என்னென்ன விளக்கங்கள்! இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையால் அவளுக்குக் கொடுமை இழைக்கப்பட்டது என்று ஒரு கதை ஊரெங்கும் பரவிற்று. ஆதாரம் காட்டி அதை நிறுவியவர் எவருமில்லை. மூளைச்சலவை என்றனர் சிலர். ராஜீவ் மீண்டும் ஆட்சிக்கு வந்தால் படையை மறுபடியும் அனுப்புவார் என்ற அச்சமே காரணம் என்பது வழக்கில் கூறப்பட்டது. இந்த இறுதி விளக்கம் வலுவானதே. ஆயினும் அது விடுதலைப் புலிகள் இயக்கத்தின் நோக்கத்தைத்தான் கூறுகிறது. குண்டைக் கட்டிக்கொண்டவளின் நோக்கம் அதுவேதானா?

எங்கள் ஊரையே சான்றாகச் சொல்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களுள் மணிமங்கலமும் ஒன்று எனக் கூரம் செப்பேடு குறிக்கின்றது. மன்னர்களின் பகை நமக்கு விளங்கும். அக்களத்தில் வேலெறிந்தவன் எதை எண்ணி எறிந்தான் என்பதை எந்தச் செப்பேடும் கூறவில்லை.

துயரமே காரணம் என்போர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1987க்கும் 1990க்கும் இடையே யாழ்ப்பாணத்தில் மகனை இழந்த தாய்மார், கணவனை இழந்த பெண்டிர் எண்ணற்றோர். அவர்களுள் பலர் மண்டபம் முகாமுக்கு வந்து, தையல் தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பலருக்கும் பொதுவான துயரம் ஒருத்தியின் செயலை மட்டும் எவ்வாறு விளக்கும்? 1991 மே 7 அன்று சென்னையில் வி.பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்தில் அவர்கள் ஒத்திகை பார்த்தனர். எப்படிச் செய்தார்கள் என்பது இவ்வாறு நாள், இடம் பிசகாமல் தெரிந்துவிட்டது. ஏன் என்பது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நீதிமன்றங்களும் இதில் ஒரு குரலாய் இல்லை. 1998இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. அரசையோ மக்களையோ அச்சுறுத்துவது சதியின் நோக்கமன்று, ராஜீவைக் கொல்வதே நோக்கம் என்று கூறித் தடா சட்டத்தின் கீழான தீர்ப்பையும் நீக்கியது. ஒரே சான்றுகளைப் படித்த கற்றறிந்தோர் நோக்கத்தைப் பற்றி இருவேறு முடிவுக்கு வந்தனர்! 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறைக்கே சென்று நளினியைச் சந்தித்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றே அவர் கேட்டதாக நளினி பின்னர் கூறினார். ஆனால் தணு, உடன் வந்த சுபா, திட்டத்தை நடத்திய சிவராசன் ஆகிய மூவரும் 1991லேயே இறந்துவிட்டனர்.

இதுவரை பிறர் வீட்டுக் கதை. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பின் நட்சத்திர விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம். வறுமை காரணமா? தாக்கியவர்களில் இருவர் வாசனைப் பொருள் வணிகம் செய்த பெருஞ்செல்வரின் புதல்வர்கள். கல்லாமையா? ஒருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் மார்ச் 15 அன்று 51 பேர் கொல்லப்பட்டதற்குப் பழி என்று இலங்கை அமைச்சர் ஒருவர் கூறினார். ஆனால் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் இக்குழுவினரின் வெடிபொருள்கள் அவ்வாண்டு ஜனவரியிலேயே பிடிபட்டிருந்தன. பழிவாங்கல் குற்றத்திற்கு முன்பே தொடங்குமா?

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சஹ்ரான் அப்போது அவ்வூரில் சிறு குழந்தை. ‘இதோ காரணம்’ என்று சொல்ல நாவு துடிக்கிறது. ஆனால் அதே தெருக்களில் வளர்ந்த மற்றப் பிள்ளைகள் வணிகரும் ஆசிரியரும் மருத்துவரும் ஆயினர். மேலும், தேவாலயத்தில் பிரார்த்தித்தவர்கள் காத்தான்குடிக்கு என்ன தீங்கு செய்தார்கள்?

‘அவர்கள் முஸ்லிம்களே அல்லர்’ என்று கூறி விலகிக்கொள்வது நமக்கு எளிது. அதையும் என்னால் விடையாக ஏற்க இயலவில்லை. சஹ்ரான் நம் தமிழில், நம் மார்க்கச் சொற்களைக் கொண்டே பயான் செய்தான். இது புதிதுமன்று. ஹிஜ்ரி 40இல் கூஃபாவில் அலி (ரலி) அவர்களை வெட்டிய இப்னு முல்ஜமும் குர்ஆன் ஓதுவதில் பெயர் பெற்றவனே. நஹ்ரவான் போரில் மடிந்த காரிஜிய்யாக்களுக்காகப் பழிவாங்கினான் என்பது ஒரு செய்தி. கதாம் என்னும் பெண் இக்கொலையை மஹராகக் கேட்டாள் என்பது மற்றொரு செய்தி. வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் அருகருகே எழுதி வைத்துச் சென்றனர். அந்த அடக்கம் இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் காணக் கிடைப்பதில்லை.

காரணம் அகப்படாத இடத்தில் மக்கள் எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் தெரியுமா? கொலையாளியின் சமுதாயத்தைக் கொண்டு! 1991க்குப் பின் ஈழ அகதி ஒவ்வொருவரையும் ஐயக் கண்கொண்டு நோக்கினோம். அந்த நோக்கில் நம்மவர் கண்களும் இருந்தன. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்த பிறகு வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பார்வையின் சூடு தெரியும். 2019 மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. அக்கடைக்காரர்களுக்கும் சஹ்ரானுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை.

சஹ்ரானை முதலில் அடையாளம் கண்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அவன் ஓதிய மதரஸா அவனை வெளியேற்றியது. 2017 மார்ச்சில் அவன் குழு மாற்றுக் கருத்துடையோருடன் வன்முறையில் இறங்கியபோது, ஊரார் காவல்துறையில் முறையிட்டனர், அவன் தலைமறைவானான். அவன் உள்ளத்தை அவர்களும் அறியார். பேச்சையும் கையையும் பார்த்தார்கள். அது போதுமானதாக இருந்தது. தாக்குதலுக்கு இரு வாரங்களுக்கு முன் இந்திய உளவுத்துறையும் எச்சரித்தது.

2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், தாக்குதலால் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளில் தீர்ப்பளித்தது. அங்கு எழுந்த வினா, கொலையாளிகள் ஏன் செய்தனர் என்பதன்று. எச்சரிக்கை கையில் இருந்தும் ஆட்சியாளர்கள் ஏன் வாளாவிருந்தனர் என்பதே. முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.